ஹார்வர்டுக்கு கட்-ஆஃப் எவ்வளவு? பிளஸ் டூ முடிச்சு அமெரிக்கா படிக்கப் போறதைப் பத்தி ஒரு எளிய விளக்கம்

போன ஆவணியில ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்து இலையில சொந்தக்கார அண்ணன் ஒருத்தர், ரெண்டு மாடும் ஒரு ஏக்கர் சொச்சம் நிலமும் வெச்சிருக்கிறவர், பொண்ணு பிளஸ் டூ படிக்குது, கணக்குல ரொம்பக் கெட்டி. சாம்பார் ஊத்திட்டுப் போனதும் மெதுவா கேட்டார், "தம்பி, இந்த ஹார்வர்டுக்கு கட்-ஆஃப் எவ்வளவுப்பா வரும்?" நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள எதிர் வரிசையில இருந்தவர் "அதெல்லாம் மூணு கோடி கையில இருக்கிறவனுக்குண்ணே"ன்னுட்டார், கடைசி இலையில இருந்த பையன் ஒருத்தன் "இல்ல மாமா, செலக்ட் ஆயிட்டா அவங்களே எல்லாத்தையும் ஃப்ரீயா குடுத்துருவாங்க"ன்னான்.

மூணு பேர் சொன்னதும் தப்பு, ஆனா மூணுலயும் கொஞ்சூண்டு உண்மை ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனாலதான் இந்த விஷயம் நம்ம ஊர்ல இவ்வளவு குழம்பிக் கிடக்கு. நல்லாப் படிக்கிற புள்ளைங்க பாதிப் பேர் ஃபீஸைப் பார்த்தே பயந்து அப்ளை பண்றதில்ல, மீதிப் பேர் தப்பான இடத்துக்கு தப்பான விதத்துல அப்ளை பண்ணி ஒரு வருஷத்தை வீணாக்குறாங்க. அதனால அன்னைக்கு இலையில உட்கார்ந்து நான் சொல்ல ஆரம்பிச்சதை இங்க முழுசா எழுதுறேன்.

எம்.எஸ். போறது வேற, இது வேற

நம்ம தெருவுல யாராவது அமெரிக்கா போயிருந்தா பெரும்பாலும் பி.இ. முடிச்சு, ஜி.ஆர்.இ. எழுதி, லோன் போட்டு எம்.எஸ்.ங்கற மேல்படிப்புக்குப் போனவங்களா இருப்பாங்க. சுந்தர் பிச்சை ஸ்டான்ஃபோர்டு போனதுகூட கரக்பூர் ஐ.ஐ.டி. முடிச்சு எம்.எஸ். படிக்கத்தான். எம்.எஸ்.-ல ஒரு டிபார்ட்மெண்ட்டே உங்க சப்ஜெக்ட்ல நீங்க எப்படின்னு பார்த்து எடுக்கும். பிளஸ் டூ முடிச்சு நேரா நாலு வருஷ டிகிரிக்குப் போறது அப்படியில்ல, அங்க அட்மிஷன் ஆபீஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, அவங்க வேலையே புது பேட்ச் ஒண்ணை உருவாக்குறதுதான். அதனால எம்.எஸ். போன அண்ணன்கிட்ட பிளஸ் டூ புள்ளைக்கு யோசனை கேட்டா அவர் நல்ல மனசோட தப்பாச் சொல்ல வாய்ப்பு இருக்கு.

இன்னொண்ணு, ஐவி லீக்னு ஒரு பேரு அடிக்கடி காதுல விழும். அது ராங்க் லிஸ்ட் கிடையாது, 1954-ல எட்டு யுனிவர்சிட்டிங்க விளையாட்டுப் போட்டிக்காகச் சேர்ந்த கூட்டணி: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பென் (பென்சில்வேனியா), பிரவுன், டார்ட்மத், கார்னெல். மாசசூசெட்ஸ்ல இருக்கிற எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் அதுல இல்ல. ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சின்ன காலேஜ்கள் நம்ம ஊர்ல பேருகூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம், ஆனா உள்ள நுழையறது பல ஐவி அளவுக்குக் கஷ்டம், காசு உதவியும் அந்த அளவுக்கு உண்டு.

கட்-ஆஃப் ஏன் இல்ல

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங் நமக்கு நல்லாத் தெரியும். மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி சேர்த்து 200-க்கு கட்-ஆஃப், அதை வெச்சு ராங்க், ஒரே மார்க்குல நிறையப் பேர் நின்னு எல்லாமே சமமாப் போச்சுன்னா கடைசியில ரேண்டம் நம்பர். அதுக்கு நோக்கம் வேற, லட்சக்கணக்கான பேரை ஒரே கோட்டுல நிறுத்தி சந்தேகத்துக்கு இடமில்லாம சீட் குடுக்கணும், அதுக்கு மார்க்குதான் சரி.

இப்ப அந்தக் கல்யாண இலையையே எடுத்துக்கோங்க. இலை போடுறவர் எது ருசி அதிகம்னு ராங்க் போட்டா பாயசம்தான் ஃபர்ஸ்ட் வரும், அதுக்காக இலை முழுக்க பாயசத்தையா ஊத்துவார்? துளி உப்பும் வேணும், ஊறுகாயும் வேணும், கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வேணும். ஊறுகாய் வெச்ச இடத்துல பாயசம் தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்தக் காலேஜ்கள் பேட்ச் எடுக்கிறது அப்படித்தான், நல்ல கணக்குக்காரங்க கொஞ்சம், எழுதுறவங்க, ஆராய்ச்சிப் பைத்தியங்கள், டீமுக்கு ஆள், வயலின் வாசிக்கிறவங்க, பல நாடு, பல மாநிலம். மார்க்கு, சோதனை மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர் கடிதம், வீட்டுச் சூழல் எல்லாத்தையும் ஒண்ணா வெச்சு ஒரு ஆளைப் படிக்கிறதுக்குப் பேருதான் ஹோலிஸ்டிக் ரிவ்யூ.

மார்க்கு முக்கியமில்லன்னு இதுக்கு அர்த்தம் பண்ணிடாதீங்க, அது இலைக்கு வர்றதுக்கே தகுதி. எண்ணிக்கையைப் பாருங்க. 2024-ல ஹார்வர்டுக்கு 54,008 பேர் அப்ளை பண்ணி 1,937 பேருக்குத்தான் இடம் கிடைச்சுது, நூத்துக்கு நாலு பேர்கூட இல்ல. அதுக்கு முன்னாடி ஹார்வர்டு மேல ஒரு வழக்கு நடந்துது, இனத்தைப் பார்த்து எடுக்கக் கூடாதுன்னு 2023-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது அந்த வழக்குலதான். அதுல ஒரு வருஷத்துக் கணக்கு வெளிய வந்துச்சு: சுமார் 1,600 இடம், ஆனா எஸ்.ஏ.டி. கணக்குல முழு மார்க் வாங்கின உள்நாட்டு மாணவர்களே 3,400 பேருக்கு மேல, ஸ்கூல்ல முழு கிரேடு வாங்கினவங்க 8,000 பேருக்கு மேல. மார்க்கை மட்டும் வெச்சு எடுக்கணும்னு அவங்களே ஆசைப்பட்டாலும் முடியாது.

எஸ்.ஏ.டி.ங்கறது 1600 மார்க்குக்கு நடக்கிற இங்கிலீஷ், கணக்குத் தேர்வு. கொரோனா சமயத்துல பல காலேஜ் அது வேண்டாம்னாங்க, 2022-ல எம்.ஐ.டி. திரும்பக் கேட்க ஆரம்பிச்சுது, 2024-ல ஹார்வர்டு, டார்ட்மத், பிரவுன், கால்டெக் எல்லாம் வரிசையா கேட்டாங்க. கலிஃபோர்னியா அரசாங்க யுனிவர்சிட்டிங்க, பெர்க்லி, யு.சி.எல்.ஏ. எல்லாம், அந்த மார்க்கை அட்மிஷனுக்குப் பார்க்கிறதே இல்ல.

இதுவரைக்கும் சொன்னது: மார்க்கு வாசல் வரைக்கும் கொண்டு போகும், வாசல்ல நிக்கிறவங்க எல்லாருக்கும் அதே மார்க்கு இருக்கும், அதுக்கு மேல அவங்க ஆளைப் பார்த்து எடுக்கிறாங்க.

ஆளைப் பார்க்கிறதுன்னா எப்படி?

காலேஜோட அட்மிஷன் ஆபீஸ்ல உங்க ஊர் இருக்கிற பகுதிக்குன்னு ஒரு அதிகாரி இருப்பார், பெரும்பாலும் அவர்தான் உங்க ஃபைலை முதல்ல படிப்பார், அப்புறம் ஒரு கமிட்டி உட்கார்ந்து பேசும். அவர் உங்களைப் பார்க்கப் போறதில்ல, பெரும்பாலும் காமன் ஆப் வழியா வர்றதைத்தான் பார்ப்பார். காமன் ஆப்ங்கறது ஒரே ஃபார்ம், அதை நிரப்பி 20 காலேஜ் வரைக்கும் அனுப்பலாம். 650 வார்த்தைக்குள்ள ஒரு கட்டுரை, பத்து செயல்பாடு, ஒவ்வொண்ணையும் விவரிக்க 150 எழுத்துதான் இடம் (வார்த்தை இல்ல, எழுத்து), அப்புறம் ஒம்பதாவதுலேர்ந்து மார்க் விவரம், ஸ்கூல் தரப்புலேர்ந்து ஒரு கடிதம், பல காலேஜுக்கு ரெண்டு ஆசிரியர் கடிதம். இது போக ஒவ்வொரு காலேஜும் தனியா சின்னச் சின்னக் கேள்வி கேட்கும்.

அந்தப் பத்து செயல்பாடு இருக்கே, நம்ம புள்ளைங்க சறுக்குறது அங்கதான். கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வாரத்துல அண்ணன் வீட்டுக்குப் போனேன், அவர் பொண்ணு ஒரு நோட்டுல லிஸ்ட் எழுதி வெச்சிருந்துச்சு: கிளாஸ் லீடர், ஒலிம்பியாட் பங்கேற்பு, ஓவியப் போட்டி ஆறுதல் பரிசு, யோகா சர்ட்டிபிகேட். நாலோட நின்னு போச்சு. "வேற ஒண்ணும் இல்ல சித்தப்பா"ன்னுச்சு. காலையில என்னம்மா பண்ணுவன்னு கேட்டேன். நாலரைக்கு எந்திரிச்சு அப்பாகூட பால் சொசைட்டிக்குப் போவேன், அங்க ரிஜிஸ்டர் எழுதுறவருக்குக் கண்ணு சரியில்ல, மூணு வருஷமா நான்தான் எழுதுறேன்னுச்சு. அந்த ரிஜிஸ்டர் நோட்டைப் பார்த்தேன். ஓரம் எல்லாம் பால் பட்டு மொடமொடன்னு காஞ்சு போயிருந்துச்சு, முப்பது சொச்சம் வீட்டுக் கணக்கு, லிட்டர், ஃபேட்டு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக பால்ல இருக்கிற மத்த சத்து), அதுக்குப் பக்கத்துல சிவப்பு மையில ஒரு கோடு. அது என்ன கோடுன்னு கேட்டா, ஒரு வீட்டுப் பால்ல ஃபேட்டு வழக்கத்தைவிட சட்டுனு குறைஞ்சா அங்க கோடு போடுமாம், மாட்டுக்கு உடம்பு சரியில்லையான்னு பார்க்கச் சொல்லி அந்த வீட்டுக்கு ஆள் சொல்லி விடுமாம், அப்படி ரெண்டு மாட்டுக்கு மடிநோய் ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கு.

இதை ஏம்மா எழுதலன்னேன். "அது வீட்டு வேலைதானே."

காமன் ஆப்ல செயல்பாட்டு வகைன்னு ஒரு பட்டியல் வரும், அதுல குடும்பப் பொறுப்புன்னே ஒரு வகை இருக்கு, சம்பளத்துக்குப் போற வேலைக்கும் தனி வகை இருக்கு. உங்க ஸ்கூல்லயும் ஊர்லயும் என்ன கிடைச்சுதோ அதை வெச்சு நீங்க என்ன பண்ணீங்கன்னுதான் பார்க்கிறாங்க. ரோபோடிக்ஸ் லேப் இல்லாத ஸ்கூல்ல படிச்ச பொண்ணு ரோபோ பண்ணலன்னு யாரும் குறை சொல்ல மாட்டாங்க. லட்சக்கணக்குல வாங்கிக்கிட்டு பேப்பர்ல ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பிச்சுக் குடுக்கிற ஆளுங்க இருக்காங்க, அந்த மாதிரி ஃபைலை வருஷத்துக்கு நூத்துக்கணக்குல படிக்கிறவங்களுக்கு அது தெரியாதுன்னு நினைச்சா ஏமாந்து போறது நம்மதான், எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா அந்தக் காசு பெரும்பாலும் நகையை வெச்சு வந்த காசு.

ஆசிரியர் கடிதமும் அப்படித்தான். நம்ம ஸ்கூல்ல கடிதம்னதும் நன்னடத்தைச் சான்றிதழ் பாணியில 'ஒழுக்கமானவர், கீழ்ப்படிந்து நடப்பவர்'னு நாலு வரி வரும். அதுல ஆள் தெரியாது. கணக்கு டீச்சர் ஒருநாள் போர்டுல போட்டது தப்புன்னு இந்தப் பொண்ணு எந்திரிச்சு சொல்லி, வேற வழியில போட்டுக் காட்டியிருந்தா, அந்த ஒரு நாளை எழுதச் சொல்லுங்க. கவுன்சிலர்னு ஃபார்ம்ல கேட்கிற இடத்துல தலைமை ஆசிரியர் நிரப்பலாம், ஸ்கூல்ல அதுக்குத் தனி ஆள் இல்லன்னு பயப்பட வேண்டாம், ஆனா இமெயில் லிங்க் வந்து அவங்களே அப்லோட் பண்ணணும், அதனால செப்டம்பர்லயே கூட உட்கார்ந்து கத்துக் குடுத்துருங்க.

காசு: அதிகமா குழப்புற இடம்

இப்ப மூணு கோடிக்கு வருவோம். பெரிய தனியார் யுனிவர்சிட்டிகள்ல படிப்பு, தங்கல், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000, 90,000 டாலர்னு போட்டிருப்பாங்க, நம்ம காசுல எழுபது லட்சம் வரும், அதுக்கு மேலயும் போகும். நாலு வருஷத்துக்குப் பெருக்குனா எதிர் வரிசைக்காரர் சொன்னது சரிதான். ஆனா அது போர்டுல எழுதியிருக்கிற விலை. உங்க வீட்டுக்கு என்ன விலைங்கறது வேற கணக்கு.

அந்தக் கணக்கு இப்படி: மொத்தச் செலவுலேர்ந்து உங்க குடும்பத்தால எவ்வளவு குடுக்க முடியும்னு காலேஜே ஒரு தொகையைக் கணிச்சுக் கழிக்கும். மிச்சம் வர்றதுக்குப் பேரு டிமான்ஸ்ட்ரேட்டட் நீட், அதாவது காகிதத்துல நிரூபிச்ச தேவை (இங்க நீட்னா தேவை, நம்ம மெடிக்கல் நீட் தேர்வு இல்ல). செலவு 85,000 டாலர், உங்களால 2,000 முடியும்னு அவங்க கணக்கு சொன்னா தேவை 83,000. இதுக்கு மார்க்கு ஸ்காலர்ஷிப்னு பேரு இல்ல, ஐவி எட்டுலயும் மார்க்குக்கோ விளையாட்டுக்கோ ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப நிலைமையைப் பார்த்துத்தான் உதவி. பிரின்ஸ்டன் 2001-ல உதவித் தொகுப்புலேர்ந்து கடனை எடுத்துட்டு முழுக்கத் திருப்பித் தர வேண்டாத பணமாக் குடுக்க ஆரம்பிச்சுது, அப்புறம் பலரும் அந்த வழிக்கு வந்தாங்க.

அடுத்து வர்ற ரெண்டு சொல்லை நிதானமாப் படிங்க, எல்லாரும் கோட்டை விடுறது இதுலதான்.

ஒரு ஸ்கூல்ல டூர் போறாங்கன்னு வைங்க. ஒரு தலைமை ஆசிரியர் பேர் எடுக்கும்போது யாரால காசு கட்ட முடியும்னு பார்க்கவே மாட்டார், எடுத்து முடிச்சப்புறம் கட்ட முடியாதவங்களுக்கு ஸ்கூல் நிதியிலேர்ந்து கட்டுவார். இதுதான் நீட்-பிளைண்ட், உதவி கேட்டதை முடிவுல கணக்குலயே சேர்க்காத முறை. இன்னொருத்தர்கிட்ட நிதி அளவாத்தான் இருக்கு. அவரும் நல்ல புள்ளைங்களாத்தான் எடுக்கிறார், ஆனா நிதி தீரத் தீர கடைசி இடங்களுக்கு ரெண்டு பேர் சமமா வந்து நின்னா கட்ட முடியற புள்ளையை எடுப்பார். இதுதான் நீட்-அவேர், உதவி எவ்வளவு கேட்கிறோம்ங்கறதும் முடிவுல சேர்ற முறை.

இதுல பெரிய பொறி ஒண்ணு இருக்கு. நிறைய யுனிவர்சிட்டி நீட்-பிளைண்ட்னு பெருசா போட்டிருக்கும், உள்ள போய்ப் படிச்சா அது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும்னு இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பிளைண்டா இருந்து, தேவை முழுசையும் தர்ற இடம் விரல் விட்டு எண்ணலாம்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் இதெல்லாம் ரொம்ப நாளா. 2022-ல டார்ட்மத்தும் போடின் காலேஜும் அறிவிச்சாங்க, பிரவுன் 2025-ல உள்ள வந்த பேட்ச்லேர்ந்து, நோட்டர்டேம் 2024-ல அறிவிச்சுது. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல், பென் எல்லாம் நமக்கு நீட்-அவேர், ஆனா எடுத்துட்டாங்கன்னா தேவையை முழுசா தருவாங்க. ஜார்ஜ்டவுன் வெளிநாட்டவருக்கும் பிளைண்ட்தான், ஆனா முழுசா தர்றதா உறுதி குடுக்கிறதில்ல, அப்ப சீட் கிடைச்சும் போக முடியாத நிலைமை வரலாம். பெர்க்லி, யு.சி.எல்.ஏ.ல வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தேவை பார்த்து உதவி இல்ல, பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு அங்க அப்ளை பண்ணி, சீட்டும் வாங்கி, கடைசியில அழுத வீடு எனக்குத் தெரியும்.

சிலர் ஒரு யோசனை சொல்வாங்க, முதல்ல உதவி வேண்டாம்னு போட்டு உள்ள போயிட்டு அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்னு. பண்ணாதீங்க. நுழையும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்கு நாலு வருஷமும் உதவி கிடையாதுன்னு பல காலேஜ் எழுதியே வெச்சிருக்கு.

சுருக்கமா: போர்டு விலையைப் பார்த்து பயப்பட வேண்டாம், செலக்ட் ஆனா எல்லாம் ஃப்ரீன்னும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு காலேஜுக்கும் கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி, வெளிநாட்டவருக்கு நீட்-பிளைண்டா, தேவையை முழுசா தருவாங்களா. இந்த விதிகள் மாறும், அதனால அப்ளை பண்ற வருஷம் அந்தந்த காலேஜ் பக்கத்துலயே பார்த்துக்கணும்.

தேவையை நிரூபிக்கிற காகிதம்

பல காலேஜ் இதுக்கு சி.எஸ்.எஸ். புரொஃபைல்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம் கேட்கும், குடும்பத்தோட வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாம் அதுல போகும். அண்ணனுக்கு இது அட்மிஷனைவிடப் பெரிய தலைவலி ஆயிருச்சு. போன வருஷம் வருமானம் எவ்வளவுண்ணேன்னா "கடன் எவ்வளவுன்னு கேளு, சொல்றேன்"ங்கறார். ஐ.டி. ரிட்டர்ன் போட்டதில்ல. தாலுகா ஆபீஸ்ல வாங்கின வருமானச் சான்றுல ஒரு தொகை, சொசைட்டி பாஸ்புக்குல வந்த பால் காசு வேற தொகை. சான்றுல இருக்கிறதையே போட்டுரலாமான்னு கேட்டார். நான் வேண்டாம்னேன். பாஸ்புக்கைப் பக்கம் பக்கமாக் கூட்டி, நிலத்துல வந்த ரெண்டு போகத்து வரவைச் சேர்த்து, தீவனச் செலவு, கூட்டுறவு பேங்க் நகைக் கடன் எல்லாம் எழுதி, சான்றுல ஏன் குறைவா இருக்குன்னு தனியா ஒரு பக்கம் விளக்கமும் வெச்சோம். வருமானம் உண்மையிலயே கம்மிதான், அதைக் கம்மின்னு சொல்லப் பொய் தேவையில்ல, ஆனா ரெண்டு காகிதம் ரெண்டு கணக்கு சொன்னா மொத்த ஃபைல் மேலயும் சந்தேகம் வரும்.

அப்ளிகேஷன் ஃபீஸே ஒவ்வொரு காலேஜுக்கும் 75, 80, 90 டாலர்னு போகும், முடியாதவங்க தள்ளுபடி கேட்கலாம், பெரும்பாலும் குடுப்பாங்க, கேட்டதால சான்ஸ் குறையாது.

எப்ப அப்ளை பண்றது

ஆகஸ்ட் 1-ல காமன் ஆப் புது வருஷத்துக்குத் திறக்கும். எர்லி, அதாவது முன்கூட்டியே போடுற சுற்றுக்கு நவம்பர் 1, வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரத்துக்குள்ள. எர்லியில எர்லி டிசிஷன்னு ஒண்ணு உண்டு, ஒரே ஒரு காலேஜுக்குப் போடலாம், கிடைச்சா கண்டிப்பா சேரணும்னு கையெழுத்து. குடுத்த உதவி பத்தலன்னா விலகிக்கலாம், ஆனா மத்த காலேஜ் உதவியோட ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு போயிரும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் எர்லியில அந்தக் கட்டாயம் கிடையாது, அதுக்குப் பதிலா வேற தனியார் காலேஜுக்கு எர்லி போட விட மாட்டாங்க. வெயிட்லிஸ்ட்னு வந்தா யாராவது சேராம விட்டா கூப்பிடுவோம்னு அர்த்தம், அதை நம்பி உள்ளூர் கவுன்சிலிங்கை விட்டுரக் கூடாது.

சீட் கிடைச்சு மே 1-க்குள்ள சரின்னு சொன்னதும் காலேஜ் ஐ-20ன்னு ஒரு ஃபார்ம் அனுப்பும், அதை வெச்சுத்தான் எஃப்-1 மாணவர் விசாவுக்கு சென்னை கான்சுலேட்ல நேர்காணல். காலேஜ் குடுத்த உதவிக் கடிதமே அங்க பணத்துக்கான ஆதாரம், சொத்து காட்ட வீட்டை யார் பேருக்கும் மாத்த வேண்டியதில்ல. படிக்கும்போது கேம்பஸுக்குள்ள வாரம் 20 மணி நேரம் வரைக்கும் வேலை பார்க்கலாம்.

அண்ணன் பொண்ணு அஞ்சு காலேஜுக்குப் போட்டிருக்கு, கூடவே நம்ம இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் தயாராகுது, பப்ளிக் எக்ஸாம் நடந்துக்கிட்டு இருக்கு. 150 எழுத்துக்குள்ள பால் ரிஜிஸ்டரையும் சிவப்புக் கோட்டையும் அடக்க ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதினோரு தடவை அடிச்சு அடிச்சு எழுதுச்சு. ஐவி காலேஜ் ரிசல்ட் மார்ச் கடைசியில ஒரு நாள் அவங்க ஊர் நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு வரும், நம்ம ஊர்ல அப்ப விடியக்காலம் நாலரை. "அந்த நேரம் நான் சொசைட்டியில இருப்பேனே சித்தப்பா"ன்னுச்சு. அன்னைக்கு ஒரு நாள் ரிஜிஸ்டரை நான் எழுதுறேன், ஃபேட்டு எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்லிக் குடுன்னேன், போன ஞாயித்துக்கிழமை சொல்லிக் குடுத்திருக்கு.